விட்பி கடற்கரையில் சிப்ஸ் வாங்குமுன்

கேள்வி: ஜூன் விடுமுறையில் இங்கிலாந்தின் விட்பி கடற்கரைக்குப் போகிறோம். மாட்டிறைச்சி சாப்பிட மாட்டோம். 14 வயது மகனும் வருகிறான். அங்குள்ள பப்பில் சாப்பிடலாமா? – செங்காங் வாசகி

பதில்: தாராளமாக. ஆனால் சிப்ஸில்தான், அதாவது நீளமாக நறுக்கிப் பொரித்த உருளைக்கிழங்கில்தான், கவனம் வேண்டும். விட்பி இருக்கும் யார்க்‌ஷர் கடற்கரையில் பல கடைகள் மீனையும் சிப்ஸையும் மாட்டுக்கொழுப்பில் பொரிக்கின்றன. மெனுவில் ‘பீஃப் டிரிப்பிங்’ என்றிருந்தால் அதுதான். எழுதியிராவிட்டாலும் எதில் பொரிக்கிறீர்கள் என்று கேட்டுவிடுங்கள். தாவர எண்ணெய் என்றாலும் அதிலேயே மீனும் பொரிந்திருக்கலாம். சுத்த சைவர்கள் அதையும் தனியாகக் கேட்க வேண்டும்.

பப்பில் பெரும்பாலும் மேசைக்கு ஆள் வரமாட்டார். மேசை எண்ணைப் பார்த்துக்கொண்டு, கவுண்டரில் சொல்லி அங்கேயே பணம் கட்டுங்கள். டிஷ்யூ பாக்கெட் வைத்து இடம்பிடிக்கும் நம் சிங்கப்பூர் வழக்கம் அங்கே யாருக்கும் புரியாது. பல பப்களில் மதிய உணவு முடிந்ததும் சமையலறையை மூடி, மாலையில்தான் திறப்பார்கள். 3 மணிக்குப் பசியோடு போனால் ஏமாற்றம்தான். மகன் உங்களோடு வரலாம். சில இடங்களில் இரவானதும் சிறுவர்களை அனுமதிப்பதில்லை, நுழையும்போதே கேளுங்கள்.

பொட்டலம் வாங்கித் துறைமுகத்தில் சாப்பிடுவதானால் சுவரை ஒட்டி, அதற்கு முதுகு காட்டி நில்லுங்கள். கடற்காகங்கள் பின்னாலிருந்து பாய்ந்துதான் பறிக்கும்.