மழையில் நனைந்துகொண்டே சொந்த ஊர் அணி ஜெயிப்பதைப் பார்த்த அனுபவம் உண்டா? மழையில் கிடைக்கும் வெற்றி வெறும் அதிர்ஷ்டம்தானா?

கேள்வியின் இரண்டாம் பாதியைப் பார்த்தாலே விஷயம் புரிகிறது. நீங்கள் எங்கேயோ போய் நன்றாக நனைந்து, தொண்டை கட்டும் வரை கத்தி, ஜெயித்த சந்தோஷத்தோடு வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள். மறுநாள் எவனோ ஒருத்தன் “மழை மட்டும் இல்லேன்னா உங்க டீம் காலி மச்சி” என்று சொல்லியிருக்கிறான். அந்தக் கடுப்பில் கேட்டிருக்கிறீர்கள். சரிதானே?

அவனிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள். மழை பாதி கிரவுண்டில் மட்டுமா பெய்தது?

நான் பெரம்பூர்ப் பக்கம் வளர்ந்தவன். தண்ணீர் தேங்கின கிரவுண்டில் ஆடிப் பார்த்தவனுக்குத்தான் அந்தக் கணக்கு தெரியும். தரையோடு பாஸ் போட்டால் பந்து பாதி வழியில் குட்டையில் நின்றுவிடும், நாம் மட்டும் வழுக்கிக்கொண்டு அதைத் தாண்டிப் போய்விடுவோம். கோல்கீப்பர் பந்தைப் பிடிக்கப் போனால் சோப்பு மாதிரி நழுவும். விவரம் தெரிந்தவன் பிடிக்க மாட்டான், குத்தி வெளியே தள்ளுவான். ஐந்து நிமிடத்தில் இதைப் புரிந்துகொண்டு பந்தைத் தூக்கி அடிக்க ஆரம்பிக்கிற டீம் ஜெயிக்கும். காய்ந்த தரையில் ஆடுகிற மாதிரியே ஆடிக்கொண்டிருக்கிற டீம் தோற்கும். இதில் அதிர்ஷ்டம் எங்கே வந்தது?

1974 உலகக் கோப்பையில் பிராங்க்பர்ட்டில் மேற்கு ஜெர்மனியும் போலந்தும் ஆடின. கிரவுண்டில் அவ்வளவு தண்ணீர், தீயணைப்பு வண்டிக்காரர்கள் வந்து பம்ப் வைத்து இறைத்த பிறகுதான் மேட்சே தொடங்கியது. ஜெர்மனிக்கு டிரா ஆனாலே ஃபைனல். போலந்து கோல்கீப்பர் தோமாஷெவ்ஸ்கி பெனால்டியைக்கூடத் தடுத்தார். கடைசியில் கெர்ட் முல்லர் ஒரு கோல் போட, சொந்த நாட்டில் 1-0. காய்ந்த தரையாக இருந்திருந்தால் போலந்துதான் என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். போலந்தின் வேகமான ஆட்டத்துக்குத் தண்ணீர் தடையாக இருந்தது உண்மைதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஐம்பது வருடமாக அந்த மழையைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம்?

சரி, என் கதைக்கு வருகிறேன். நனைந்துகொண்டே பார்த்தேனா என்றால், இல்லை. எங்கள் ஊரில் பெய்த மழை எங்கள் ஹோம் மேட்சையே ஊரை விட்டுத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. இது கேள்விக்கு நேரான பதில் இல்லை என்று யாராவது சொல்வீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள். என்னைப் பொறுத்தவரை மழையில் கிடைத்த ஹோம் வெற்றி என்றால் அது 2015 டிசம்பர் 12, சனிக்கிழமை. எங்கள் ஊர் ஃபுட்பால் டீமான சென்னையின் எஃப்சி 3, அத்லெட்டிகோ டி கொல்கத்தா 0. இடம், பூனே பாலேவாடி ஸ்டேடியம்.

பூனேயில் நடந்தது எப்படி ஹோம் மேட்ச் ஆகும் என்று கேட்பவர்களுக்கு: ஐஎஸ்எல், அதாவது இந்தியன் சூப்பர் லீக், செமிஃபைனல் அப்போது இரண்டு மேட்ச், ஒன்று நம் ஊரில், ஒன்று அவர்கள் ஊரில், இரண்டின் கோலையும் கூட்டித்தான் யார் ஜெயித்தது என்று பார்ப்பார்கள். அந்த வருடம் கொல்கத்தா லீக்கில் இரண்டாவது, நாம் மூன்றாவது. முதல் மேட்ச் நம்முடையது, பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில் நடந்திருக்க வேண்டியது. வெள்ளத்தால் பூனேக்கு மாற்றினார்கள். கணக்கில் இன்றைக்கும் அது நம் ஹோம் மேட்ச்தான்.

அந்த சீசனை நினைத்தால் இப்போதும் புல்லரிக்கும். பத்து மேட்ச் முடிந்தபோது பாயிண்ட்ஸ் டேபிளில் கடைசியில் கிடந்தோம். ஆபீஸில் என்னைப் பார்த்தாலே சிரிப்பார்கள். அதற்கப்புறம் மிச்சமிருந்த நான்கையும் ஜெயித்து செமிஃபைனலுக்குள் வந்தார்கள். நவம்பர் 21, கேரளா பிளாஸ்டர்ஸை நம் கிரவுண்டில் 4-1 அடித்தபோது நான் இருந்தேன். நம் ஸ்டீவன் மெண்டோசா ஹாட்ரிக், ஒரே ஆள் மூன்று கோல். பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒருவர் மூன்றாவது கோலுக்கு என்னைத் தூக்கியே விட்டார். ஒரு சந்தேகம் எனக்கு அப்போதே உண்டு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை லீக் என்று முடிவு செய்தவர்களிடம் வடகிழக்குப் பருவமழை என்று ஒன்று இருப்பதை யாராவது சொன்னார்களா? ரெயின்கோட் இல்லாமல் நேரு ஸ்டேடியம் போனதே இல்லை நான்.

டிசம்பர் 1 பற்றி நான் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் திறந்துவிட்ட தண்ணீர், அடையாறு. நாங்கள் ஜாபர்கான்பேட்டையில் தரைத்தள வாடகை வீட்டில் இருந்தோம். ராத்திரி பாத்ரூம் ஓட்டை வழியாகத் தண்ணீர் குமிழி விட்டு மேலே வந்தது, அதைத்தான் முதலில் பார்த்தோம். வாசல் வழியாக வரும் என்று பழைய துணியெல்லாம் வைத்து அங்கே அடைத்துக்கொண்டிருந்தேன் நான். அரை மணி நேரத்தில் முட்டி. குழந்தையைத் தூக்கிக்கொண்டு இரண்டாவது மாடிக்காரர்கள் வீட்டில் மூன்று நாள்.

இறங்கி வந்து பார்த்தபோது ஃபிரிட்ஜ் மல்லாக்கப் படுத்திருந்தது. பீரோவின் கீழ்த்தட்டில் இரண்டு சீசன் டிக்கெட்டுகளை ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தேன். கையில் எடுத்தால் ஒரே கட்டி, சேற்று உருண்டை. கேரளா மேட்ச் டிக்கெட் எது என்று பிரிக்கப் பார்த்தேன், நகத்தோடு கூழாக வந்தது. ஸ்டேடியத்துக்கு வெளியே பிளாட்பாரத்தில் வாங்கின நீல ஜெர்சி அலமாரியிலிருந்து மிதந்து கட்டிலுக்கு அடியில் போயிருந்தது. நான் கவனிப்பதற்குள் என் மனைவி அதை வைத்துத்தான் சேற்றை வழித்துக்கொண்டிருந்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்த நிலைமையில் ஜெர்சிக்காக வாயைத் திறந்தால் நான் மனுஷனே இல்லை. அவள் அந்தப் பக்கம் போனதும் எடுத்து வாளியில் போட்டேன், அவ்வளவுதான்.

ஃபுட்பாலா அப்போது முக்கியம் என்று யாராவது கேட்டால் நியாயமான கேள்விதான். ஊரில் எத்தனை பேர் செத்தார்கள், எத்தனை பேர் எல்லாவற்றையும் இழந்தார்கள் என்பது எனக்கும் தெரியும். பிரெட்டும் தண்ணீர் பாட்டிலும் தூக்கிக்கொண்டு நானும் நாலு தெரு நடந்தவன்தான். ஆனால் பத்து நாள் சேறு வழித்த ஒருத்தனுக்கு அந்தச் சனிக்கிழமை இரண்டு மணி நேரம் வேறு எதையாவது பார்க்க வேண்டியிருந்தது.

அம்பத்தூரில் அக்கா வீட்டில் தங்கியிருந்தோம். துவைத்த ஜெர்சியைப் போட்டுக்கொண்டு ஹாலில் உட்கார்ந்தேன். முதுகில் ‘மெண்டோ’ வரைக்கும்தான் எழுத்து மிச்சம். மாமாவுக்கு கிரிக்கெட் மட்டும்தான்.

“என்னடா, சென்னை டீம் ஹோம் மேட்சைப் பூனேல ஆடுதா? அதுக்கு இங்க நீ ஜெர்சி வேற!”

“மாமா, கோச் யாரு தெரியுமா? மாட்டராசி.”

“2006 உலகக் கோப்பை ஃபைனல்ல ஜிடேன்கிட்ட முட்டு வாங்கினானே, அவனா?”

அதுதான் அவரை உட்கார வைத்தது. பாதி நேரத்துக்கு முன்னால் பெலிசாரி ஒன்று. அப்புறம் ஜேஜே. மூன்றாவது மெண்டோசா. போன வருட சாம்பியன் கொல்கத்தா, அவர்களுக்குப் பதில் கோல் ஒன்றுகூட வரவில்லை. டிவியில் கூட்டம் கத்துகிற சத்தம் கேட்டது. ஆனால் எனக்கு அது வேறு யாரோ வீட்டுக் கல்யாணம் மாதிரி இருந்தது. நம் ஸ்டேடியத்தில் கோல் விழுந்தால் காலுக்குக் கீழே சிமெண்ட் படி அதிரும். அதைத் தேடினேன். மூன்றாவது கோலுக்கு எழுந்து கத்தினதில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை எழுந்து அழுதது. அக்கா திட்டினாள். மாமாவும் கத்தினார் என்பதை யாரும் கண்டுகொள்ளவில்லை.

இப்போது சொல்லுங்கள், எங்களுக்கு மழை அதிர்ஷ்டமா? சொந்த கிரவுண்டைப் பிடுங்கிக்கொண்டது, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போய் ஆட வைத்தது. நம் ஸ்டேடியத்தில் ஆடியிருந்தால் ஐந்து போட்டிருப்போம் என்று நான் சொன்னால் மட்டும் சிரிப்பீர்கள்!

இதோடு சம்பந்தமில்லாத ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், வேறு எங்கே சொல்வது. அடுத்த மாதமே அந்த வீட்டைக் காலி செய்தோம். கொடுத்திருந்தது பத்து மாத அட்வான்ஸ். வீட்டுக்காரர் ஒரு மாத வாடகையைப் பெயிண்டிங் செலவுக்கு என்று பிடித்துக்கொண்டார். சுவரில் என் நெஞ்சு உயரத்துக்கு வெள்ளம் கோடு போட்டுவிட்டுப் போயிருக்கிறது. “சார், அந்தக் கோடு நான் போட்டதா?” என்று கேட்டேன். “பழக்கம் அதாம்பா, எல்லார்கிட்டயும் பிடிக்கிறதுதான்” என்றார். அந்த மாதம் ஃபிரிட்ஜ் இல்லாமல் இருந்த வீட்டுக்கு அந்தப் பணம் என்ன மாதிரி இருந்திருக்கும் என்று அவருக்குத் தெரியாதா? எல்லா வீட்டுக்காரர்களும் அப்படி என்று சொல்லவில்லை. மூன்று நாள் சோறு போட்ட இரண்டாவது மாடியும் அதே கட்டடம்தான்.

இரண்டாவது மேட்ச் கொல்கத்தாவில். 2-1 தோற்றோம், ஆனால் இரண்டு மேட்சும் சேர்த்து 4-2, ஃபைனல் நமக்கு. நமக்கு அந்த ஒரு கோலைப் போட்டது ஃபிக்ரு, முந்தின வருடம் கொல்கத்தாவுக்கு ஆடினவர். இன்னும் வலித்திருக்கும் அவர்களுக்கு.

டிசம்பர் 20 ஃபைனல், கோவா ஃபடோர்டாவில், கோவாவோடேயே. 87-வது நிமிடம் அவர்கள் 2-1 என்று முன்னால் போனார்கள். நான் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன், பார்க்கப் பிடிக்கவில்லை. தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போது ஹாலில் மாமா போட்ட சத்தத்தில் டம்ளர் கைநழுவியது. கோவா கோல்கீப்பர் கட்டிமணி கையில் பட்டு பந்து அவர்கள் கோலுக்குள்ளேயே. நான் ஓடி வந்து நின்றேன், உட்காரவில்லை. கொஞ்ச நேரத்தில் மெண்டோசா. 3-2. கோப்பை.

“டேய், இனிமே நீ கிச்சன்லயே நில்லுடா” என்றார் மாமா. அடுத்த சீசனில் முதல் ஹோம் மேட்சுக்கு டிக்கெட் எடுத்தபோது அவருக்கும் சேர்த்துத்தான் எடுத்தேன். ஜெர்சி இன்னும் இருக்கிறது. வயிற்றுப் பக்கம் ஒரு பழுப்புக் கோடு, எத்தனை துவைத்தும் போகவில்லை. பைக் துடைக்க எடுத்துவிடக் கூடாது என்று வீட்டில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.