எலிக்குப் பார்வை திரும்பியது என்றால், எந்த எலிக்கு?

"பரம்பரையாக வரும் கண் நோய்களுக்கு மருந்து கண்டு, எலிக்குப் பார்வை திரும்பியது என்று அடிக்கடி செய்தி வருகிறது. இதை எந்த அளவுக்கு நம்பலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். உறவினர் ஒருவருக்கு, விழித்திரையின் ஒளியுணர் செல்கள் மெல்ல அழியும் பரம்பரை நோயான ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா இருப்பதையும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவன் அல்லன். விழித்திரை ஆய்வகம் ஒன்றில் சில ஆண்டுகள் சுண்டெலிகளோடு வேலை பார்த்தவன். அத்தகைய செய்தி கண்ணில் பட்டால் நான் முதலில் தேடுவது, அது எந்த எலி என்பதைத்தான். ஆய்வகங்களில் குருட்டு எலிகள் பல வகைப்படும். ஒவ்வொன்றும் குருடானதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு.

இவற்றுள் மிகப் பழையதன் கதை சுவையானது. 1924ஆம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த கிளைட் கீலர், தம் எலிகள் சிலவற்றின் விழித்திரையில் மங்கிய ஒளியை உணரும் குச்சி செல்கள் இல்லாததைக் கண்டு எழுதினார். அந்த எலிகளின் வழி பின்னர் அற்றுப்போயிற்று. ஆனால் அவர் தயாரித்து வைத்திருந்த கண்ணாடித் தகடுகள் மிஞ்சின. ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழித்து, 1993இல், அந்தத் தகடுகளில் ஒட்டியிருந்த திசுவிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்தெடுத்துப் பார்த்தபோது, ஆய்வகங்களில் ஆர்டி1 (ஆர்டி என்பது விழித்திரைச் சிதைவுக்கான ஆங்கிலச் சுருக்கம்) என்று வழங்கும் எலியில் உள்ள அதே பிழைதான் அதிலும் இருந்தது. பிழை இருப்பது பிடிஇ6பி என்னும் மரபணுவில். அது உருவாக்கும் நொதி, குச்சி செல்லுக்குள் சேரும் சிஜிஎம்பி என்ற மூலக்கூறைச் சிதைக்க வேண்டும். அந்த நொதி வேலை செய்யாதபோது சிஜிஎம்பி பெருகுகிறது, மின்னூட்டமுள்ள துகள்களான அயனிகள் செல்லுக்குள் நுழையும் வாயில்கள் திறந்தபடியே நின்றுவிடுகின்றன, செல் மடிகிறது. மனிதரில் ரெட்டினைடிஸ் பிக்மென்டோசாவுக்கு இதே மரபணு காரணமாவதுண்டு என்பதும் 1993இல்தான் வெளிவந்தது. எலியில் தொடங்கிய தேடல் மனிதரிடம் வந்து சேர்ந்த நேர்வழிகளில் இது ஒன்று.

இந்த ஆர்டி1 பிழை சி3ஹெச், எஃப்விபி, எஸ்ஜேஎல் போன்ற, எல்லா வகை ஆய்வுகளுக்கும் பயன்படும் எலி வம்சங்களிலும் உறைந்து கிடக்கிறது. நினைவாற்றல் சோதனையில், நீர்த்தொட்டிக்குள் நீந்தி மேடையைக் கண்டுபிடிக்காத எலிக்கு நினைவாற்றல் குறைவு என்று எழுதுவதற்கு முன், அதற்குக் கண் தெரியுமா என்று பார்த்துவிடுவது நல்லது.

தானாகத் தோன்றும் குருட்டு எலிகளைத் தேடிப் பிடிப்பதையே பணியாகக் கொண்டவர், அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் உள்ள ஜாக்சன் ஆய்வகத்தின் போ சாங். எலியின் கண்மணியை மருந்திட்டு விரியச் செய்து விழித்திரையை நேரில் பார்ப்பதும், இஆர்ஜி எனப்படும் விழித்திரை மின்வரைவை எடுப்பதும்தான் அவருடைய குழுவின் முதன்மையான கருவிகள். சொல்லும்போது எளிதாகத் தோன்றும் இந்த மின்வரைவுக்காக எலியை முந்தைய இரவு முழுவதும் இருட்டில் வைத்து, மறுநாள் மங்கிய சிவப்பு விளக்கில் மயக்கமூட்டி, மிளகளவே உள்ள கண்ணின் மீது மின்முனையைப் பொருத்த வேண்டும். கதவை யாராவது தெரியாமல் திறந்துவிட்டால் அன்றைய வேலை வீண். ஒளி பட்டதும் முதலில் கீழிறங்கும் அலை ஒளியுணர் செல்களிலிருந்தும், அதையடுத்து மேலெழும் அலை, அவற்றிடமிருந்து செய்தியை வாங்கிக் கடத்தும் இருமுனை செல்களிலிருந்தும் வருவதால், கோளாறு எந்த அடுக்கில் இருக்கிறது என்பதை வரைகோடே ஓரளவு காட்டிவிடும்.

அந்தக் குழு கண்டெடுத்த எலிகளில் இரண்டை மட்டும் இங்கே ஒப்பிடுகிறேன். ஆர்டி10 என்பதிலும் பிழை பிடிஇ6பி மரபணுவில்தான். ஆனால் நொதி முற்றிலும் இல்லாமல் போவதில்லை. ஆர்டி1 எலி பிறந்து மூன்று வாரங்களுக்குள் பெரும்பாலான குச்சி செல்களை இழந்துவிட, ஆர்டி10 எலியில் அழிவு சற்றுத் தாமதமாகத் தொடங்குகிறது. சிகிச்சை தர அந்தச் சில நாட்கள் போதும் என்பதால் ஆய்வாளர்கள் இதை விரும்புகிறார்கள். ஆர்டி12 முற்றிலும் வேறு. இதில் பழுதானது ஆர்பிஇ65 என்ற மரபணு. விழித்திரையின் பின்புறமுள்ள நிறமிப் படலத்தில், ஒளியால் செலவான வைட்டமின் ஏ வடிவத்தை மீண்டும் பயன்படும் வடிவுக்கு மாற்றித் தரும் நொதிக்கு உரியது. இங்கே ஒளியுணர் செல்கள் நெடுநாள் உயிரோடு இருக்கின்றன. அவற்றுக்கு வேண்டிய மூலப்பொருள் மட்டும் வருவதில்லை. விளக்கு கெடவில்லை, எண்ணெய்தான் இல்லை. ஆகவே மரபணுவின் நல்ல நகலை வைரஸ் மூலம் உள்ளே செலுத்தினால் பார்வை மீள வழி இருக்கிறது.

பரம்பரைக் கண் நோய்க்கான மரபணு சிகிச்சைகளில் முதலில் கரை சேர்ந்தது இந்த மரபணுவுக்கானது என்பது தற்செயல் அன்று. ஆர்பிஇ65 நீக்கப்பட்ட எலி 1998இல் விவரிக்கப்பட்டது. அதே மரபணுவில் பிழையுடன் பிறந்த பிரியார்டு இன நாய்களுக்குப் பார்வை மீண்ட செய்தி 2001இல் வந்தது. மனிதர்களில் நடந்த முதல் சோதனைகளின் முடிவுகள் 2008இல் வெளியாயின. இந்த மரபணு சிகிச்சையான லக்ஸ்டர்னா என்ற மருந்துக்கு அமெரிக்க அரசு 2017 டிசம்பரில் ஒப்புதல் அளித்தது. இரு கண்களுக்கும் சேர்த்து அதன் அறிமுக விலை 8,50,000 டாலர். 2015இல் வெளியான வேறு இரு சோதனைகளின் முடிவுகளில், சிகிச்சை பெற்ற சிலருக்குக் கூடிய ஒளியுணர்வு சில ஆண்டுகளில் மீண்டும் தணிந்ததும் பதிவாகியிருக்கிறது.

எலி கைவிட்ட நோய்களும் உண்டு. எலியின் விழித்திரையில், நாம் எழுத்தைப் படிக்கவும் முகத்தை அடையாளம் காணவும் பயன்படுத்தும் மையப் புள்ளியான மாக்குலா கிடையாது. அதன் ஒளியுணர் செல்களில் நூற்றுக்கு 97 குச்சி செல்களே. எனவே மாக்குலாவைத் தாக்கும் ஸ்டார்கார்ட் நோய்க்குரிய ஏபிசிஏ4 மரபணுவை எலியில் நீக்கினால், கழிவு நிறமி சேர்வது தெரிகிறதே தவிர, மனிதருக்கு நேர்கிற அளவு பார்வை இழப்பு நேர்வதில்லை. காதும் கண்ணும் சேர்ந்து பழுதாகும் அஷர் நோயில் இன்னும் வியப்பு: மயோ7ஏ மரபணு பழுதான எலிக்குக் காது கேட்காது, ஆனால் விழித்திரை சிதைவதில்லை. மனிதரிலும் குரங்கிலும் ஒளியுணர் செல்லைச் சுற்றி அமைந்த நுண்விரல்கள் எலியில் ஏறக்குறைய இல்லாதது இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று ஒரு விளக்கம் உண்டு.

இதைவிடவும் என்னை வாட்டியது வேறொன்று. நாங்கள் ஒரு மரபணுவை நீக்கிய எலிகளின் விழித்திரையில், கீழ்ப்பகுதியில் வெண்புள்ளிகள் தென்பட்டன. அவை அந்த மரபணு இல்லாததன் விளைவுதான் என்று ஏழெட்டு மாதங்கள் நம்பி, படங்களையும் தயார் செய்துவிட்டோம். 2012இல், சி57பிஎல்/6என் என்ற துணைவம்ச எலிகளில் ஆர்டி8 என்னும் சிஆர்பி1 மரபணுப் பிழை மறைந்திருப்பதாக ஒரு கட்டுரை வந்தது. மரபணு நீக்கத்துக்குப் பயன்படும் கருத் தண்டு செல்களில் (ஸ்டெம் செல்கள்) பல அந்த வம்சத்தைச் சேர்ந்தவை. எங்கள் எலிகளைச் சோதித்தோம். புள்ளிகளுக்குச் சொந்தக்காரர் ஆர்டி8தான். வேறு எலிகளோடு இனக்கலப்பு செய்து அந்தப் பிழையை நீக்கிய பிறகு, எங்கள் மரபணு கண்ணுக்கு ஒன்றும் செய்வதில்லை என்று தெரிந்தது. அன்று மதியம் ஆய்வகத்தில் யாரும் அதிகம் பேசவில்லை.

மறைந்திருக்கும் மரபணு எப்போதும் கெடுதல் செய்வதில்லை. உடல் பருத்து, காதும் கண்ணும் கெடும் டப்பி எலியைச் சில வம்சங்களோடு கலந்தால் காது தப்பித்துக்கொள்கிறது. அந்தக் காவலுக்குக் காரணம் மேப்1ஏ என்ற வேறொரு மரபணு என்பதை ஜாக்சன் ஆய்வகத்தில் பாட்சி நிஷினாவின் குழு 2002இல் காட்டியது. ஒரே பிழையுள்ள இரு உடன்பிறப்புகளில் ஒருவர் முப்பதிலும் மற்றவர் அறுபதிலும் பார்வையை இழப்பது ஏன் என்ற கேள்விக்கு, இந்த வகை ஆய்வே ஒருநாள் விடை தரும் என்பது என் எண்ணம்.

இனி உங்கள் உறவினரைப் பற்றி. ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா என்பது ஒரே நோயின் பெயரன்று. பல பத்து மரபணுக்களில் எதில் பிழை வந்தாலும் அந்தப் பெயர்தான். மரபணுப் பரிசோதனை இன்னும் செய்யவில்லை என்றால், மரபணு ஆலோசகர் வழியாக அதை முதலில் செய்துகொள்ளச் சொல்லுங்கள். அறிக்கையில் வரும் மரபணுவின் பெயரும் செய்தியில் உள்ள மரபணுவின் பெயரும் ஒன்றாக இருந்தால், எலிக்கு எந்த வயதில் மருந்து தரப்பட்டது என்று பாருங்கள்: கண் திறப்பதற்கு முன்னரே தரப்பட்டிருந்தால், செல்களில் பெரும்பகுதியை ஏற்கெனவே இழந்துவிட்ட ஒருவருக்கு அந்த முடிவு அப்படியே பொருந்தாது.