கொடைக்கானலில் மூணாம் நாளே போரடிக்குதா?

ரூமைக் காலி பண்ணாதீங்க. மிச்ச ரெண்டு நாளும் வாடகை வண்டியை விட்டுட்டு, காலையில பஸ் பிடிச்சு பக்கத்துல இருக்கிற பூம்பாறை கிராமத்துக்குப் போங்க. ஏறத்தாழ 20 கி.மீ.

ஏரி, கோக்கர்ஸ் வாக், தூண் பாறை எல்லாம் ரெண்டே நாள்ல முடிச்சுட்டு ரூம்ல போனை நோண்டிக்கிட்டிருக்கேன்னு எழுதியிருக்கீங்க. கோளாறு அந்த ஓட்டத்துலதான். இடத்தை எண்ணிக்கிட்டே சுத்தினா எந்த ஊரும் தாங்காது.

பூம்பாறையில மலைச்சரிவு முழுக்க அடுக்கடுக்கா வயல். 2019-ல புவிசார் குறியீடு வாங்கின மலைப்பூண்டு அங்க விளையுது. ஒரு பல்லை நகத்தால கீறி மோந்து பாருங்க, நம்ம மளிகைக்கடைப் பூண்டெல்லாம் என்னன்னு தெரியும்! அப்படியே அங்க இருக்கிற முருகன் கோயிலான குழந்தை வேலப்பர் கோயிலுக்கும் போயிட்டு வாங்க.

போனை அரை நாள் அணைச்சுப் பையில போட்டுப் பாருங்க. அப்பவும் ஆபீஸ் நினைப்பாவே இருந்தா அது போர் இல்ல, அசதி. தூங்குங்க.

மதியத்துக்கு மேல மூடுபனி இறங்கலாம். திரும்புற பஸ் நேரத்தை இறங்கும்போதே கண்டக்டர்கிட்ட கேட்டுக்கோங்க.