15,000 ரூபாய்க்குள் டேப்லெட் வாங்கலாமா? எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடக்கூடாது?

வாங்கலாம். நாங்கள் வாங்கி இரண்டரை வருடம் ஆகிறது, இன்றும் வீட்டில் அது இல்லாமல் ஒரு நாள் கழியாது. ஆனால் பிளஸ் ஒன் சேரும் மகனுக்கும் வயதான அம்மாவுக்கும் சேர்த்து ஒன்றுதான் என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வீட்டு நிலையும் அதுவேதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில். மகள் பிளஸ் ஒன் சேர்ந்த சமயம். தமிழ்நாடு அரசுப் பாடநூல்கள் பிடிஎஃப் ஆக இலவசமாகக் கிடைக்கின்றன அல்லவா, அவற்றை என் போனில் விரலால் பெரிதாக்கிப் படித்துக்கொண்டிருந்தாள். வேதியியலில் ஒரு சமன்பாட்டை முழுதாகப் பார்க்கப் பக்கத்தை இடமும் வலமுமாகத் தள்ள வேண்டும். இதைப் பார்த்துத்தான் டேப்லெட் வாங்க முடிவு செய்தேன்.

மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் முதலில் காட்டியது 10.1 அங்குலத் திரை, விலை எட்டாயிரத்துச் சொச்சம். எடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். மகள் தன் இயற்பியல் புத்தகத்தின் பிடிஎஃப்பை அங்கேயே திறந்து பார்த்தாள். முழுப் பக்கமாக வைத்தால் ‘ி’க்கும் ‘ீ’க்கும் வித்தியாசம் தெரியவில்லை, மெய்யெழுத்தின் புள்ளி மேல்வரியோடு ஒட்டிக்கொண்டது. காரணம், அந்தத் திரை 1280×800, அதாவது நீளவாக்கில் 1280, குறுக்கில் 800 ஒளிப்புள்ளிகள். 10.1 அங்குலத்தில் அதைப் பரப்பினால் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 149 ஒளிப்புள்ளிகள்தான் வரும். அதுவே 11 அங்குலத்தில் 1920×1200 என்றால் 206 வரும். படம் பார்க்கும்போது இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் சுழியும் கொம்பும் புள்ளியுமாக உள்ள தமிழ் எழுத்தை மணிக்கணக்கில் வாசிக்கிற பிள்ளைக்கு இது கண் வலிக்கிற விஷயம். திரையில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். சாம்சங் கேலக்ஸி டேப் ஏ9 பிளஸ், ரெட்மி பேட் எஸ்இ போன்றவை இந்த 11 அங்குல, 1920×1200 வகையில் வந்தவை. ‘பிளஸ்’ இல்லாத வெறும் டேப் ஏ9 8.7 அங்குலம், 1340×800. பெயர் ஏறக்குறைய ஒன்றாக இருந்தாலும் படிப்புக்கு இரண்டும் ஒன்றல்ல.

சரி, நல்ல திரையை இந்த விலைக்குக் கொடுக்கிறார்கள் என்றால் வேறு எங்கோ குறைத்திருப்பார்கள். பெரும்பாலும் அது நினைவகத்தில், அதாவது செயலிகள் ஓடுவதற்கான ரேமிலும் கோப்புகளை வைக்கும் சேமிப்பகத்திலும். எங்களிடம் கடைக்காரர் ‘8 ஜிபி ரேம்’ என்று சொல்லித்தான் விற்றார். வீட்டுக்கு வந்து அமைப்புகளில் பார்த்தால் உண்மையான ரேம் 4 ஜிபி. மீதி 4, சேமிப்பகத்திலிருந்து கடன் வாங்கியது. சேமிப்பகம் ரேமைவிட வேகம் மிகக் குறைந்தது, அதனால் அந்தக் கடன் ரேமை ரேமாகவே கணக்கில் எடுக்க முடியாது. எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை. பெட்டியில் ‘4+4’ என்றோ ‘8 ஜிபி வரை’ என்றோ இருந்தால் 4 என்றே வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் உண்மையான 6 ஜிபி, சேமிப்பகம் 128 ஜிபி. 64 ஜிபியில் ஆண்ட்ராய்டும் கூடவே வரும் செயலிகளும் ஒரு பெரிய பங்கை எடுத்துக்கொள்ளும். மலிவான டேப்லெட்டுகளில் வரும் இஎம்எம்சி வகைச் சேமிப்பகம் நிரம்ப நிரம்ப மந்தமாகிவிடும். மெமரி கார்டு போட்டுப் பாடக் காணொளிகளை எல்லாம் அதற்கு மாற்றிய பிறகுதான் எங்களுடையது மூச்சுவிட்டது. இப்போதும் படங்கள் நிறைந்த உயிரியல் புத்தகத்தைத் திறந்தால் பக்கம் தெளிவாக வர இரண்டு மூன்று விநாடி காத்திருக்க வேண்டும். அது பரவாயில்லை, மகள் பழகிவிட்டாள்.

அடுத்தது சிம். இரண்டாயிரம் மிச்சம் என்று வைஃபை மட்டும் உள்ளதை வாங்கினேன். வீட்டில் பிராட்பேண்ட் கிடையாது, என் போனின் ஹாட்ஸ்பாட்தான். நான் காலையில் வேலைக்குக் கிளம்பினால் நெட்டும் என்னோடு கிளம்பிவிடும்! மகள் ராத்திரியே மறுநாள் பாடங்களை இறக்கி வைத்துக்கொள்வாள். தேர்வுக்கு முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் நாகர்கோவிலில் மாட்டிக்கொண்டேன், அவள் மாதிரி வினாத்தாளை இறக்க முடியாமல் பக்கத்து வீட்டுக்குப் போய் உட்கார்ந்திருந்தாள். அந்த இரண்டாயிரத்தை நான் மிச்சம் பிடித்திருக்கக் கூடாது.

பேட்டரியில் குறையே இல்லை. அம்மாவும் மகளுமாகப் பார்த்தாலும் ஒன்றரை நாள் தாங்கும். சார்ஜ் ஏறுவதுதான் மெதுவு. 8000 எம்ஏஎச் பேட்டரி என்றால் ஏறத்தாழ 31 வாட் மணி. 10 வாட் சார்ஜரில் போட்டால் இழப்பையும் சேர்த்து மூன்றரை மணி நேரத்துக்கு மேல். நம் மாவட்டத்தில் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு மழையும் பெய்யும், எங்கள் பக்கம் ரப்பர் கொம்பு ஒடிந்து கம்பியில் விழுந்தால் எப்போது கரண்ட் வரும் என்று சொல்ல முடியாது. அதனால் இரவில் கரண்ட் இருக்கும்போதே போட்டுவிடுவது எங்கள் வழக்கம்.

பேனா பற்றியும் கேட்டிருந்தீர்கள். முந்நூறு ரூபாய்க்கு விற்கும் ரப்பர் முனைப் பேனாவை வாங்கி மகள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். உள்ளங்கை திரையில் பட்டால் அதையும் கோடாக எடுத்துக்கொள்கிறது. தனிப் பேனாவை ஏற்கும் மாடல்கள் உண்டு, பேனாவையும் சேர்த்தால் உங்கள் பட்ஜெட் தாண்டிவிடும். கணக்கு நோட்டிலேயே போடட்டும். கேமரா வாட்ஸப் காலுக்குப் போதும், அதற்குமேல் பார்க்க வேண்டாம். நெட்ஃபிளிக்ஸ் போன்றவற்றில் படம் பார்ப்பதாக இருந்தால் வைட்வைன் எல்1 இருக்கிறதா என்று கேளுங்கள். வைட்வைன் என்பது படங்களைத் திருட்டுத்தனமாகப் பிரதி எடுக்காமல் காக்கும் பூட்டு, எல்1 அதன் உயர்ந்த நிலை, எல்3 தாழ்ந்த நிலை. எல்3 மட்டும் என்றால் அவற்றில் 480பி என்கிற குறைந்த தெளிவுதான் கிடைக்கும். யூடியூபுக்கு அந்தத் தடை கிடையாது.

அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. தம்பி குவைத்தில் இருக்கிறான். வருடக்கணக்காக ராத்திரி போனில் அவனைப் பார்த்துப் பேசியவர்தான். டேப்லெட் வந்த முதல் வாரம், அதைச் சமையலறைத் திண்டில் சாய்த்து வைத்துப் பேசிவிட்டு என்னைக் கூப்பிட்டார். “மக்களே, இவன் மெலிஞ்சில்லா போயிருக்கான், நீ பாத்தியா?” நானும் அதுவரை கவனிக்கவில்லை. மறுநாள் விசாரித்தால், அவனுக்குச் சர்க்கரை வந்து நாலு மாதமாகியிருந்தது, எங்களிடம் சொல்லவில்லை.

நீங்கள் குளச்சல் என்று போட்டிருக்கிறீர்கள், வீட்டில் பகலில் வேறு போன் இருக்குமா என்று எழுதவில்லை. இல்லையென்றால் சிம் போடும் மாடலையே எடுங்கள், அதற்காக ரேம் 4 ஜிபி ஆனாலும் சரி. பகலில் போன் வீட்டில் இருக்குமென்றால் வைஃபை மாடலில் 6 ஜிபி, 128 ஜிபி தேடுங்கள். கடைக்குப் போகும்போது மகனையும் கூட்டிக்கொண்டு, அவன் பாடப்புத்தகத்தின் பிடிஎஃப்பை ஒரு மெமரி கார்டில் போட்டு எடுத்துப் போங்கள்.