ஊசி 26இல் நின்றால் லீக்கா?

கேள்வி: அம்மாவுக்குக் குளிர் தாங்காது என்று சூடும் தருகிற ஸ்பிளிட் ஏசி ஒன்று பூட்டினோம். அதைக் குளிரவும் சூடாகவும் வைப்பது ஆர் 32 காஸ். கொழும்பிலிருந்து வந்த பாஸ், பைப்பிலுள்ள காற்றை உறிஞ்சி எடுக்க ஒரு மணித்தியாலம் வெக்கியூம் பம்ப் ஓட்டியும் கேஜ் ஊசி 26ஐத் தாண்டவில்லை, லீக் இருக்கும்போல என்றார். அப்புறம் அவுட்டோர் பெட்டியின் காஸ் வால்வைத் திறந்து பார்த்துவிட்டு, "பிரஷர் 200தான் காட்டுது, கொழும்பில 260 காட்டும்" என்று சிலிண்டரிலிருந்து காஸ் ஏற்றினார். பைப் மூன்று மீட்டர்கூட இல்லை. இது சரியா?
வாசகி, பண்டாரவளை

பதில்: சரியில்லை சகோதரி. கேஜில் முழு வெக்கியூம் என்று எழுதியிருக்கிற 30 அங்குலம் (பாதரச அளவு) கடல்மட்டத்துக்கு உரியது. உங்கள் ஊர் ஏறக்குறைய 1,230 மீட்டர் உயரம், அங்கே காற்றின் அழுத்தமே 26 அங்குலத்துக்குக் கிட்டத்தான், ஆகவே முழு வெக்கியூம் பிடித்தாலும் ஊசி அதற்குக் கீழே போக இடமில்லை. நுவரெலியாவில் 24இலேயே நின்றுவிடும். லீக்கா என்று அறிய, பம்பை மூடிவிட்டு ஊசி ஏறுகிறதா என்று பார்த்திருக்க வேண்டும். உள்ளே மிச்சமிருக்கும் அழுத்தத்தை நுணுக்கமாக அளக்கும் மைக்ரோன் கேஜ் இருந்தால் இன்னும் நல்லது, 500 மைக்ரோனுக்குக் கீழே இறங்கி அங்கேயே நின்றால் போதும், அது எந்த ஊரிலும் ஒன்றுதான். குளிரில் பைப்பின் ஈரம் மெதுவாகத்தான் ஆவியாகும், அதனால் அவர் ஒரு மணித்தியாலம் ஓட்டியது நல்ல வேலை.

பிழை அதற்குப் பிறகுதான். அடுப்பு காஸ் சிலிண்டர் நிறைய இருந்தாலும் பாதி இருந்தாலும் உள்ளே அழுத்தம் ஒன்றே, ஏனென்றால் திரவம் மிச்சமிருக்கும்வரை அழுத்தத்தைத் தீர்மானிப்பது சூடு, அளவல்ல. நிறுத்தி வைத்த ஏசியிலும் அப்படியே: ஆர் 32 கொழும்பின் 30 பாகையில் 265 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) அளவில் காட்டும், உங்கள் பின்னேரக் குளிரில், 20 பாகையில், 200தான். காஸ் குறையவே இல்லை!

புது அவுட்டோரில் கம்பனியே காஸ் நிரப்பித்தான் அனுப்புகிறது, பெரும்பாலும் ஐந்து மீட்டருக்கு மேற்பட்ட பைப்புக்கும் காணும். அதைவிட நீண்டால் மட்டும் மீட்டருக்கு இத்தனை கிராம் என்று கையேட்டில் இருக்கும், அதையும் தராசில் நிறுத்தே ஏற்ற வேண்டும்.

கூடிப்போன காஸ் திரவமாகவே கம்பிரசருக்குத் திரும்பினால் அதை உடைத்துவிடும், கரண்ட் பில்லும் ஏறும். அதனால் இனி ஓட விடாமல் அவரையே கூப்பிடுங்கள். ரிக்கவரி மெஷினால் காஸ் முழுவதையும் எடுத்து (காற்றில் விடவே கூடாது, தீப்பிடிக்கக்கூடியது, காபனீரொட்சைட்டைவிட 675 மடங்கு பூமியைச் சூடாக்கும்), மறுபடி வெக்கியூம் போட்டு, அவுட்டோர் தகட்டில் உள்ள எடைக்கு நிறுத்து நிரப்பட்டும். அந்தக் கிராம் கணக்கையும் திகதியையும் அவுட்டோரின் பக்கத்தில் மார்க்கரால் எழுதி வையுங்கள், அடுத்து சேர்விஸுக்கு வருகிறவர் ஊசியைப் பார்த்துக் கை வைக்காமல் இருப்பார்.