நிக்கலுக்கு மேலே ஒரு ஹைட்ரஜன்: என்ன பெயர் எழுதுவது?

கேள்வி: கிருஷ்ணகிரியில் எம்.எஸ்சி. வேதியியல் இறுதியாண்டு படிக்கிறேன். பிராஜெக்ட்டில் நிக்கல் டைதயோகார்பமேட் அணைவு (நடுவில் நிக்கல், அதைச் சுற்றிப் பிடித்திருக்கும் கந்தக அணுக்கள்) ஒன்றைத் தயாரித்துப் படிக அமைப்பும் எடுத்தோம். பக்கத்து மூலக்கூறின் சிஎச்2 ஹைட்ரஜன் ஒன்று நிக்கலிலிருந்து 2.70 ஆங்ஸ்ட்ராமில் நிற்கிறது; கார்பன்–ஹைட்ரஜன்–நிக்கல் கோணம் 130 டிகிரி. இது அகாஸ்டிக்கா (கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பே உலோகத்தோடு ஒட்டிக்கொள்வது), ஹைட்ரஜன் பிணைப்பா? அடுத்த மாதம் தருமபுரியில் வைவா.

பதில்: இரண்டும் வேண்டாம், 'அனகாஸ்டிக்' என்று எழுதுங்கள்: ஹைட்ரஜன் உலோகத்தை நெருங்கி நிற்கிறது, ஆனால் அகாஸ்டிக் அளவுக்கு ஒட்டவில்லை என்று பொருள். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் அந்த 2.70-ஐ அப்படியே நம்பாதீர்கள். எக்ஸ்-கதிர் பார்ப்பது எலக்ட்ரானை. ஹைட்ரஜனிடம் இருப்பதே ஒன்று, அதுவும் கார்பன் பக்கம் சாய்ந்து கிடக்கும். போதாக்குறைக்கு, பெரும்பாலான அமைப்புகளில் ஹைட்ரஜனை யாரும் தேடிப் பிடிப்பதில்லை. படிக அமைப்பைத் தீர்க்கும் மென்பொருளான ஷெல்எக்ஸ் கணக்குப் போட்டு, கார்பனிலிருந்து 0.97-இல் வைத்துவிடும். எலக்ட்ரானை அல்லாமல் அணுக்கருவையே பார்க்கும் நியூட்ரான் சிதறல் காட்டும் நீளமோ 1.09 அளவில். ஹைட்ரஜனை அதே திசையில் 0.12 தள்ளிப் பாருங்கள்: நிக்கல் தூரம் 2.62 ஆகிறது, கோணம் 128. ஆய்வேட்டில் இந்த எண்களையும், திருத்தியவை என்ற குறிப்போடு, கொடுத்துவிடுங்கள்.

'வான் டெர் வால்ஸ் ஆரங்களின் (பிணையாத அணுக்கள் ஒன்றையொன்று தொடும் அளவு) கூட்டுத்தொகையைவிடக் குறைவு' என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். 1964-இல் பாண்டி (Bondi) என்ற ஆய்வாளர் கொடுத்த மதிப்புகளில் நிக்கல் 1.63, ஹைட்ரஜன் 1.20; கூட்டினால் 2.83. உலோகங்களுக்கு அந்த ஆரங்கள் மிகச் சிறியவை என்று பின்னால் வந்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். எனவே இந்த வாதம் தனியாக எதையும் நிரூபிக்காது.

உண்மையான கேள்வி எலக்ட்ரான் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்பது. 1983-இல் வேதியியலாளர்கள் புரூக்ஹார்ட்டும் கிரீனும் அகாஸ்டிக் என்று பெயரிட்டது, கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பின் ஜோடியை உலோகத்தின் காலி ஆர்பிட்டால் (எலக்ட்ரானுக்கான இடம்) வாங்கிக்கொள்ளும் நிலையை: மூன்று மையம், இரண்டு எலக்ட்ரான். ஹைட்ரஜன் பிணைப்பில் கொடுப்பது உலோகம். அதன் நிரம்பிய டி ஆர்பிட்டால் ஹைட்ரஜனை இழுக்கிறது, எலக்ட்ரான் நான்கு. சதுரத்தள நிக்கல்(II)-இல் வம்பு என்னவென்றால், தளத்துக்கு மேலே நிரம்பிய டி-இசட்-ஸ்கொயரும் இருக்கிறது, காலி பி-இசட்டும் அதே திசையில் இருக்கிறது. இடத்தைப் பார்த்து மட்டும் திசையைச் சொல்ல முடியாது.

தூரம் ஓரளவு உதவும். அகாஸ்டிக்குக்குப் பொதுவாக 1.8 முதல் 2.3, கோணம் 90 முதல் 140. அனகாஸ்டிக்குக்கு 2.3 முதல் 2.9, கோணம் 110 முதல் 170. உங்கள் கோணம் இரண்டிலும் பொருந்துகிறது, 2.62 ஒன்றில்தான் பொருந்தும்.

ஹைட்ரஜன் பிணைப்பு என்று ஏன் சொல்லக்கூடாது? 2011-இல் சர்வதேச வேதியியல் அமைப்பான ஐயூபேக் வெளியிட்ட ஹைட்ரஜன் பிணைப்பு வரையறையை எழுதிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர், உங்களுக்குப் பக்கத்தில் பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யின் இ. அருணன். அதைப் படித்துவிட்டுப் போங்கள். கோணம் 110-க்கு மேல் இருந்தால் நல்லது என்கிறது, அதில் தேறிவிடுவீர்கள். ஆனால் பிணைப்பு உருவானதற்குச் சான்றும் கேட்கிறது. உங்களிடம் இருப்பது ஒரு தூரமும் ஒரு கோணமும்தான். சந்தேகமில்லாத உதாரணம் வேண்டுமென்றால் டிரைஎதில்அமோனியத்தின் டெட்ராகார்போனைல்கோபால்டேட் உப்பைச் சொல்லுங்கள்: எதிர்மின் கோபால்ட்டை நோக்கி நைட்ரஜன்–ஹைட்ரஜன் நேராக நீட்டிக்கொண்டு நிற்பதை நியூட்ரான் சிதறலே காட்டியிருக்கிறது.

அப்புறம் என்.எம்.ஆர். (காந்தப்புலத்தில் அணுக்கருவைப் பார்க்கும் நிறமாலை). அகாஸ்டிக் என்றால் ஹைட்ரஜனின் குறி மேல்புலத்துக்கு (குறைந்த பிபிஎம் பக்கம்) போகும், கார்பன்–ஹைட்ரஜன் பிணைவு மாறிலி குறையும். அனகாஸ்டிக்கில் அது எதிர்ப்பக்கமான கீழ்ப்புலம் நோக்கும். ஆனால் உங்கள் ஹைட்ரஜன் பக்கத்து மூலக்கூறுடையது. குளோரோஃபார்மில் கரைத்தவுடன் அந்த அண்டை வீட்டுக்காரர் கிளம்பிவிடுவார், ஆகவே கரைசல் நிறமாலையை இதற்குச் சான்றாகக் காட்டினால் வைவாவில் மாட்டிக்கொள்வீர்கள்.