முயலை விட்டுவிட்டு ஊசிமருந்தைச் சோதிக்க முடியுமா?

பாலக்காடு அருகே கஞ்சிக்கோட்டில் ஊசிமருந்து யூனிட்டின் தரக்கட்டுப்பாட்டில் இருப்பதாகவும், காய்ச்சல் உண்டாக்கும் பாக்டீரிய நச்சான எண்டோடாக்சினைப் பார்க்க முயலை விட்டு, ஆய்வகத்தில் உருவாக்கிய நண்டுப் புரதமான ரீகாம்பினன்ட் ஃபேக்டர் சி-க்கு மாறலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மாறலாம், மாறவும் வேண்டும். மூன்று முயல்களின் காது ரத்தக்குழாயில் மருந்தேற்றி மூன்று மணி நேரம் வெப்பம் பார்த்தால், சூடு ஏறியதா இல்லையா என்பதுதான் தெரியும். நச்சின் அளவு தெரியாது. லாட நண்டின் ரத்தத்தில் எடுக்கும் எல்.ஏ.எல். என்ற சோதனைப்பொருள் நச்சின் அளவைச் சொல்லும், ஆனால் அதுவும் ஓர் உயிரிடமிருந்து எடுப்பதே.

மருந்தை எத்தனை மடங்கு நீர்க்கலாம் என்ற நீர்ப்பு அளவை முதலில் கணக்கிடுங்கள். மருந்தின் வரம்பு மில்லிக்கு 0.5 எண்டோடாக்சின் அலகு, ஸ்டாண்டர்டின் (அளவு தெரிந்த ஒப்பீட்டுக் கரைசலின்) மிகக்குறைந்த புள்ளி 0.005 என்றால், 100 மடங்கு வரை நீர்க்கலாம். அதற்குள் 10, 20, 50 என்று பாருங்கள். ஒவ்வொன்றிலும் தெரிந்த அளவு எண்டோடாக்சின் சேருங்கள். 50 முதல் 200 சதவீதம் வரை திரும்பக் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் பி.எச். 6-8க்குள் இருக்கிறதா என்று பாருங்கள்.

பெரும்பாலும் தவறுவது தயாரிப்பில்தான். எண்டோடாக்சின் குழாயின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஸ்டாண்டர்டை வோர்டெக்ஸ் என்ற குலுக்கும் கருவியில் நன்றாகக் குலுக்காவிட்டால் அளவுக்கோடு சாய்ந்துவிடும். கண்ணாடிக் குழாய்களை 250 டிகிரியில் குறைந்தது 30 நிமிடம் சுடுங்கள்; ஆட்டோகிளேவின் நீராவிச் சூடு எண்டோடாக்சினை அழிக்காது. ரீஏஜென்ட் (சோதனைக்கான வேதிப்பொருள்) கோவையிலிருந்து வருகிறதென்றால், மாநில எல்லையான வாளையாறில் வண்டி வெயிலில் நின்றாலும் பெட்டிக்குள் வெப்பம் 2 டிகிரிக்குக் குறையாமலும் 8 டிகிரிக்கு மேல் ஏறாமலும் இருந்ததா என்று, வெப்பத்தைப் பதியும் டேட்டாலாகரில் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள்.

சிட்ரேட்டும் பாலிசார்பேட்டும் சேர்ந்த மருந்தில் தனிச் சிக்கல் உண்டு: சேர்த்த எண்டோடாக்சின் சில மணி நேரத்தில் சோதனைக்குத் தெரியாமல் மறைந்துபோகும். அதனால் சேர்த்தவுடன் மட்டும் பார்க்காமல் சில நாள் வைத்தும் பாருங்கள்.

ஃபேக்டர் சி எண்டோடாக்சினை மட்டுமே காட்டும். வேறு காய்ச்சல் பொருள் வர வாய்ப்புள்ள மருந்துக்கு மனித ரத்தத்தின் வெள்ளணுக்களில் ஒரு வகையான மோனோசைட்டில் செய்யும் சோதனை வேண்டும். அது அந்த அணுக்கள் விடும் காய்ச்சல் சமிக்ஞைப் புரதமான இன்டர்லூக்கின்-6ஐ அளந்து சொல்லும்.

மருந்துகளின் தரநெறி நூலான ஐரோப்பிய பார்மகோபியா ஃபேக்டர் சி முறையைத் தனி அதிகாரமாக 2021இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. முயல் சோதனையை நீக்க 2024இல் முடிவெடுத்தது. மருந்துக்கான மோனோகிராஃப் (அதன் தரக்குறிப்பு) எந்த முறையைச் சொல்கிறது என்று பார்த்து, மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். ஒப்பிட்டுக் காட்டவென்று புதிதாக முயல் வாங்காதீர்கள். உங்கள் பழைய பதிவேடுகளும் எல்.ஏ.எல். முடிவுகளும் கையில் இருக்கின்றன.